ஹாரன் மேடத்தின் தொண்டை

நகரத்தின் அந்தப் பக்கத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். நேரில் ‘மேடம்’ என்பார்கள். இறங்கிக் கதவைச் சாத்தியதும் ‘ஹாரன் மேடம்’ ஆகிவிடுவாள். அவள் நடத்திய டிரைவிங் ஸ்கூலின் பயிற்சிக் காரில் ஹாரன் பழுதாகி வெகுகாலம் ஆகியிருந்தது. மெக்கானிக் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தான், அவள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கி ஒரு சத்தம் போட்டால் முன்னால் போகிற லாரியே ஓரம் கட்டும்போது, தனியாக ஒரு ஹாரனுக்கு என்ன வேலை?

கணவர் வானிலை அலுவலகத்தில் அறிக்கை எழுதி ஓய்வு பெற்றவர். ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும், வானம் மேகமூட்டத்துடன் காணப்படலாம்’ என்று எழுதி எழுதி, அந்தக் ‘கூடும்’, ‘லாம்’ எல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டன. சாப்பாட்டில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட, “போதும்னுதான் தோணுது, ஒருவேளை கொஞ்சம் தேவைப்படலாம்” என்பார். அவர் முடிப்பதற்குள் அவள் உப்பைப் போட்டிருப்பாள். திரைச்சீலையின் நிறம், மகளின் படிப்பு, அவருடைய மூக்குக் கண்ணாடியின் சட்டம், எல்லாவற்றிலும் அவள் சொன்னதே முடிவு. அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. முடிவே எடுக்காதவனை யாரும் தப்பு சொல்ல முடியாது என்கிற சுகத்தை அவர் நன்றாக அனுபவித்து வந்தார்.

மூன்றாவது ஆள், அவளுடைய தம்பி. தண்ணீர் வடிகட்டி விற்பவன். வடிகட்டி விற்பவனுக்கு வாயில் மட்டும் வடிகட்டி கிடையாது. காலையில் கைபேசியில் எதைப் படித்தானோ அந்தத் துறையில் அன்று மாலை வரை அவன் நிபுணன்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரெங்கும் பரவிய காய்ச்சல், ஹாரன் மேடத்திடம் ஒரு துணிக்கடை முதலாளி மூலமாக வந்து சேர்ந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசியையும் போட்டுக்கொண்டு, “சும்மா அலர்ஜி மேடம்” என்று இருமிக்கொண்டே அவர் ரிவர்ஸ் எடுத்துப் பழகினார். அவருக்கு ரிவர்ஸ் வந்ததோ இல்லையோ, வைரஸ் அவளுக்குள் நேராகப் போய்விட்டது.

தம்பி உடனே வைத்தியத்தில் இறங்கினான். ஆவி பிடிக்கச் சொன்னான், மூச்சை அடக்கி எண்ணச் சொன்னான், எண்ண முடிந்தால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று ஒரு வீடியோவைக் காட்டினான். அவள் எண்ணத் தொடங்கினாள். எண்ணிக்கை தேய்ந்துகொண்டே வந்து, கடைசியில் உதடு நீலமானபோதுதான், “மாமா, ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா?” என்று தம்பி கேட்டான். “கூப்பிடலாம்னுதான் நினைக்கிறேன்” என்றார் கணவர். அவள்தான் கையை நீட்டிக் கைபேசியை வாங்கி, தன் முகவரியைத் தானே இரைக்க இரைக்கச் சொல்லி, தன் ஆம்புலன்ஸைத் தானே வரவழைத்தாள். நோய்க்கு முந்திய குரலில் அவள் பேசிய கடைசிப் பேச்சு, “கேட்டுக்கு முன்னாடி நிறுத்தாதே, உள்ளே வா” என்பது.

மருத்துவமனையில் முதலில் முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். போதவில்லை. மயக்கம் கொடுத்து, வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை இறக்கி, மூச்சு இயந்திரத்தோடு இணைத்தார்கள். நுரையீரல் விரிய வேண்டும் என்று பலர் சேர்ந்து அவளைக் குப்புறப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். நர்ஸ் கைபேசியில் காட்டிய படத்தில் அவளுடைய முகத்தில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. உதட்டோரத்தில் பிளாஸ்திரி, அதற்கு நடுவே குழாய். கணவர் பார்த்துவிட்டு, “தூங்குறா போல” என்றார்.

நாட்கள் போயின. கண்டம் கொஞ்சம் விலகியது. ஆக்சிஜன் தேவை குறைந்தது. ஆனால் மயக்க மருந்தைக் குறைத்த போதெல்லாம் அவள் கண் திறந்ததும் அந்தக் குழாயோடு மல்லுக்கு நின்றாள். கடித்தாள், தலையை ஆட்டினாள், இயந்திரம் அலறியது. மறுபடி மயக்கம். இப்படியே மாறி மாறி நடந்தது. ஒருநாள் ஐசியூ டாக்டர் கணவரையும் தம்பியையும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன, பேச்சில் நயம் காட்ட நேரமில்லாத பெண்மணி.

“வாய்ல குழாய் ரொம்ப நாளா இருக்கு. இனிமேயும் விட்டா குரல்வளை புண்ணாகும். அதைச் சகிச்சுக்க வைக்க மயக்கமும் நிறையக் கொடுக்க வேண்டியிருக்கு, மயக்கத்துல படுத்தே இருந்தா உடம்பு சதையெல்லாம் கரைஞ்சிடும். அதனால கழுத்துல, குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாய்ல சின்னதா ஒரு வழி போடலாம்னு பாக்குறோம். அதுல குட்டையா ஒரு குழாய் வைப்போம். வாய்ல இருக்கிறதை எடுத்துடலாம். முழிச்சு உக்காரலாம். இயந்திரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமா விடுவிக்கலாம்.”

கணவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவளைக் கேட்டுச் சொல்றேன் டாக்டர்.”

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவங்க மயக்கத்துல இருக்காங்க சார்.”

“ஆமா, தெரியும். முழிச்சதும் கேட்டுச் சொல்லிடுறேன்.”

“முழிக்க வைக்கிறதுக்குத்தான் சார் இதைப் போடணும்.”

தம்பிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “கழுத்துல ஓட்டை போட்டா அவ்வளவுதான் டாக்டர், அப்புறம் ஆயுசுக்கும் பேச்சே வராது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்படித்தான் ஆச்சு.”

“அவருக்கு என்ன நோய்?”

“நோய் தெரியாது. ஓட்டை போட்டாங்க, பேச்சு போச்சு.”

“தற்காலிகமாப் போகும். காத்து குரல்வளைப் பக்கம் போகாம கழுத்து வழியாவே வெளியே வந்துடும், அதனால சத்தம் வராது. தேறினதும் ஒரு மூடி போட்டுப் பேச வைப்போம். அப்புறம் குழாயை எடுத்தா அந்த வழி தானா மூடிக்கும். எல்லாருக்கும் நல்லபடியா முடியும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இவங்களுக்கு இதுதான் நல்லதுன்னு நினைக்கிறேன்.”

தம்பி வெளியே வந்ததும் வராண்டாவிலேயே குடும்பக் குழுவில் செய்தி போட்டான். ‘அக்கா கழுத்தை அறுக்கப் போகிறார்களாம்.’ அதன்பின் கைபேசி ஓயவில்லை. சித்தப்பா ஒருவர் வேண்டவே வேண்டாம் என்றார். அத்தை ஒருத்தி கழுத்து வேண்டாம், மூக்கு வழியாகப் பார்க்கச் சொல் என்றாள். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு பெரியப்பா மகன், தான் எப்போதுமே அறுவை சிகிச்சைக்கு எதிரானவன் என்று அறிவித்தான். அவளைப் போய்ப் பார்த்தாயா என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

“மாமா, கையெழுத்து மட்டும் போட்டுறாதீங்க. அக்கா பேசலன்னா அது அக்காவா?” என்றான் தம்பி. பாசம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அதே வாயால் அடுத்த நொடியே, “டிரைவிங் ஸ்கூலைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் அக்கா நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்” என்றும் சொன்னான்.

அன்று மாலை வெளிநாட்டிலிருக்கும் மகள் கைபேசியில் முகம் காட்டினாள். கணவர், டாக்டர் சொன்னது, தம்பி சொன்னது, சித்தப்பா சொன்னது, அத்தை சொன்னது என எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

“சரிப்பா. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“மாமா என்ன சொல்றான்னா...”

“மாமாவை விடுங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

இந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் அவரிடம் கேட்டு அவருக்கு ஞாபகமில்லை. விழித்தார். பஸ் நிறுத்தத்தில் பெயர் சொல்லி யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிக்கூடப் பார்த்தார். “நான் நினைக்கிறது... அவளால வாய் அடைச்சுக் கிடக்க முடியாதும்மா. அந்தக் குழாயை அவ கடிக்கிறாளாம். கோவம் வந்துருக்கு அவளுக்கு. எனக்குத் தெரியும்” என்றார். சொன்ன பிறகுதான், தான் ஒரு ‘லாம்’கூடப் போடாமல் பேசியிருப்பது அவருக்கே உறைத்தது. போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கையெழுத்து வேறு யாருடையதோ போல இருந்தது.

அவ்வளவு பாடுபட்டு அவர் முடிவெடுத்த பிறகு, மருத்துவமனைக்கு முடிவெடுக்க வரவில்லை.

கழுத்தில் துளை போட வேண்டியவர் தொண்டை டாக்டர். பெரிய கை, பெரிய பேர். கழுத்தைத் திறக்கும்போது மூச்சுக்குழாயிலிருந்து காற்று பீய்ச்சி அடிக்கும். காற்றோடு வைரஸும் வரும். குனிந்து நிற்பவரின் முகத்துக்கு நேரே வரும். அதனால் அவர் வைரஸ் அடங்கிய பிறகு பார்க்கலாம் என்றார். ஐசியூ டாக்டர், அதற்குள் குரல்வளை கெட்டுவிடும் என்றாள். அவர், சீக்கிரம் போட்டு, தேவையே இல்லாமல் போயிருந்தால் என்றார். அவள், தாமதமாகப் போட்டு, பயனே இல்லாமல் போனால் என்றாள். இதை ஆராய ஒரு குழு கூடியது. குழுவுக்கு பிஸ்கட் வந்தது. குழு, இன்னொரு குழுவிடம் கருத்துக் கேட்டது. தலைமை அதிகாரி, இரு தரப்பு வாதத்திலும் நியாயம் இருப்பதாகப் பாராட்டினார். நோயாளி மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. அவள் வாயில் குழாயோடு கிடந்தாள்.

கணவர் தினமும் வராண்டாவில் காத்திருந்து கேட்பார். தினமும் ஓர் அலுவலர் வந்து பணிவாகச் சொல்லிவிட்டுப் போவார். “நிலைமை தொடர்ந்து கண்காணிக்கப்படுது சார். சூழ்நிலை சாதகமாக அமைஞ்சா, விரைவில் செய்யப்படலாம்.”

முதல் தடவை கணவர் தலையாட்டினார். இரண்டாம் தடவை தலை ஆடவில்லை. அடுத்த தடவை அவருக்குள் எதுவோ சுருக்கென்றது. இந்த வாசனை அவருக்குத் தெரியும். இது அவருடைய சொந்தச் சமையல்.

காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் தொண்டை டாக்டர் தனியாக நின்றுகொண்டிருந்தபோது போய்ப் பிடித்தார்.

“டாக்டர், ஒண்ணு சொல்லட்டுமா? நான் மழை அறிக்கை எழுதினவன். ‘பெய்யக்கூடும்’னு எதுக்கு எழுதுவோம் தெரியுமா? பெய்ஞ்சாலும் நம்மைத் திட்டக் கூடாது, பெய்யாட்டாலும் திட்டக் கூடாது. உங்க ஆளு தினமும் வந்து எனக்கு மழை அறிக்கை வாசிக்கிறார்.”

தொண்டை டாக்டருக்கு முகம் சிவந்தது. கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தோளைத் தொங்கவிட்டார்.

“பயமா இருக்கு சார்” என்றார். “என்கூடப் படிச்ச ஒருத்தன் இப்படிக் குனிஞ்சு பாத்துட்டுத்தான் படுத்தான். எழுந்திருக்கல. எனக்கு வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு. இதைக் கூட்டத்துல சொல்ல முடியுமா? அதான் நுரையீரல், வைரஸ் அளவு, ஆய்வுக் கட்டுரைன்னு பேசிக்கிட்டு இருக்கேன்.”

கணவருக்கு முதல்முறையாக ஒரு டாக்டரைப் பிடித்துப்போயிற்று.

“எனக்கும் பயம்தான் டாக்டர். சும்மா இல்லை, கல்யாணம் ஆன நாள்ல இருந்தே பயம். நீங்களும் நானும் ஒரே ஜாதி. ஆனா பாருங்க, பயம் நம்ம ரெண்டு பேருக்கு. கழுத்து அவளோடது.”

தொண்டை டாக்டர் காப்பியைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் செய்தார்கள். அவளை அறுவை அரங்குக்குக் கொண்டுபோகவில்லை. படுக்கையிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு, தேவைக்கு மேல் ஒருத்தர்கூட உள்ளே இல்லாமல் நடந்தது. தொண்டை டாக்டர் அங்கிக்கு மேல் அங்கி, கையுறைக்கு மேல் கையுறை, தலைக்கு மேல் ஒரு கண்ணாடிக் கூண்டு என்று நிலவில் இறங்கப் போகிறவர் மாதிரி வந்ததாக ஐசியூ டாக்டர் பிற்பாடு சொன்னாள். மூச்சுக்குழாயைத் திறக்கிற அந்த நேரத்துக்கு மட்டும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். “நான் பாத்த கைகள்லேயே நிதானமான கை அது.” என்றாள். குழாய் உள்ளே போய், இயந்திரம் மறுபடி ஓடி, நெஞ்சு ஏறி இறங்கியது. தொண்டை டாக்டர் வெளியே வந்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வராண்டாத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரமே அவர், ‘தாமதிக்காமல் துளையிடுவதன் அவசியம்’ என்ற தலைப்பில் இளம் டாக்டர்களுக்கு உரையாற்றினார் என்பது வேறு விஷயம்.

அவள் விழித்தாள். விழித்ததும் எல்லாம் சுபம் என்று ஆகிவிடவில்லை. மறுபடி காய்ச்சல் வந்தது. கழுத்துக் குழாய்க்குள் சளி கட்டி, நர்ஸ் ஓயாமல் உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது. கையைத் தூக்கப் பார்த்தால் கை எழும்பவில்லை. புத்தியும் கொஞ்ச நாள் இடம் மாறிக் கிடந்தது. அந்த அறையைப் பயிற்சி மைதானம் என்று நினைத்துக்கொண்டாள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸை முறைத்து, சத்தமே வராத வாயால், ‘இடது, இடது, இன்டிகேட்டரைப் போடு!’ என்று திட்டினாள். அந்த நர்ஸ் பயந்து உண்மையிலேயே இடது பக்கம் ஒதுங்கினாளாம்.

கிருமி ஓய்ந்ததும், பார்வையாளர்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். பேச்சு வராதவளுக்குக் காதும் கேட்காது என்று வந்தவர்கள் எல்லோரும் எப்படித்தான் முடிவுக்கு வந்தார்களோ தெரியவில்லை. அத்தை படுக்கையருகே நின்று, “பாவம், எப்படி இருந்தவ, இனி என்னத்த...” என்று அவள் முகத்துக்கு நேரேயே துக்கம் விசாரித்தாள். தம்பி அவள் காதருகே குனிந்து, மலையுச்சியில் நிற்பவளைக் கூப்பிடுவதுபோல், “அக்கா! நான்! தம்பி!” என்று அலறினான். பிறகு நிமிர்ந்து, கணவரிடம் சாதாரணக் குரலில், “ஒண்ணும் புரியல மாமா அவளுக்கு. நல்லதாப் போச்சு. டிரைவிங் ஸ்கூல் போர்டை மாத்திட்டேன், என் போட்டோவைப் போட்டேன். அக்கா பேரு மட்டும் சின்னதா கீழே இருக்கு. அக்காகிட்ட இத்தனை வருஷமா வேலை பாத்த அந்தப் பழைய இன்ஸ்ட்ரக்டரையும் அனுப்பிட்டேன், மரியாதையே இல்லை அந்தாளுக்கு” என்றான்.

படுக்கையில் இருந்தவளின் நாடித்துடிப்பு திரையில் மடமடவென்று ஏறியது. இயந்திரம் கூவ, நர்ஸ் ஓடி வந்தாள். “பாத்தீங்களா, தம்பியைப் பாத்ததும் உணர்ச்சிவசப்படுறா” என்று தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தனக்கு உதடு படிக்கத் தெரியும் என்று கணவர் தானாகவே ஒரு நம்பிக்கை வளர்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அவள் பேசப் பேச அந்த உதட்டைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அவர் கணக்கு. ஒருநாள் அவள் திரும்பத் திரும்ப ஒரே சொல்லை உதட்டால் சொன்னாள். அவர் குனிந்து கூர்ந்து பார்த்தார்.

“தம்பியா? தம்பியைக் கூப்பிடவா?”

அவள் தலையை இப்படியும் அப்படியும் உருட்டினாள். உடனே, இப்போதே, என்று அவர் புரிந்துகொண்டார். தம்பி கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தான். இத்தனை பேர் இருக்க அக்கா தன்னைத் தேடினாளே என்று அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினான். அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

ஆனால் அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. கணவர் பேச ஆரம்பித்தார். முதலில் மௌனத்தை நிரப்பத்தான். பிறகு அது ருசித்துவிட்டது. ஆரம்பித்த வாக்கியத்தை யாரும் நடுவில் பிடுங்கிக்கொள்ளாமல் முற்றுப்புள்ளி வரை கொண்டுபோவதில் இருக்கும் சுகத்தை அவர் அப்போதுதான் கண்டுபிடித்தார். மேகங்களைப் பற்றிச் சொன்னார். அலுவலகத்தில் தனக்குக் கிடைக்காமல் போன பதவியைப் பற்றிச் சொன்னார். வீட்டுத் திரைச்சீலையின் அந்தப் பழுப்பு நிறம் தனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கைவசம் இருந்த ஒரே எதிர்வாதம் அதுதான். கண் மூடியிருந்தாலும் கேட்கும் என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்ததால் அவர் நிறுத்தவில்லை.

“நீ இல்லாம வீடு எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா?” என்றார் ஒருநாள். “தாங்க முடியல.”

அவள் கண்ணைத் திறந்து அவரை வெகுநேரம் பார்த்தாள்.

இயந்திரத்தின் உதவி நாளுக்கு நாள் குறைந்தது. முதலில் கொஞ்ச நேரம் தானாக மூச்சு விட்டாள், பிறகு பகல் முழுக்க. ஐசியூ டாக்டர் ஒருநாள், கழுத்துக் குழாயின் வாயில் பொருத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியோடு வந்தாள். மூச்சை உள்ளே விடும், வெளியே விடாது. வெளியே போகிற காற்று குரல்வளை வழியாகத்தான் மேலே ஏறியாக வேண்டும். செய்தி பரவி, தம்பி கைபேசியில் வீடியோவை ஓடவிட்டபடி தயாராக நின்றான். மகள் தன் கைபேசியில் காத்திருந்தாள். உணர்ச்சிகரமாக ஏதோ வரப்போகிறது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூடியைப் பொருத்தினார்கள். அவள் இருமினாள். துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மறுபடி முயன்றாள்.

“தண்ணி” என்றாள். “நான் கேட்டது தண்ணி. தம்பி இல்ல.”

ஐசியூ டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தம்பி அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பவில்லை.

அதன்பிறகு தேறுதல் வேகம் பிடித்தது. விழுங்கப் பழகினாள், உட்கார்ந்தாள், இரண்டு பேர் பிடித்துக்கொள்ள நின்றாள். கடைசியில் கழுத்துக் குழாயை எடுத்து, துளையின் மேல் பஞ்சு வைத்து ஒட்டி, அது தானாக மூடிக்கொள்ளும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மூடும் வரை ஒரு நிபந்தனை இருந்தது. பேச வேண்டுமானால் அந்தப் பஞ்சை விரலால் அழுத்திக்கொண்டு பேச வேண்டும். இல்லாவிட்டால் காற்று அந்த வழியாகப் புஸ்ஸென்று போய்விடும், சொல் வராது.

வீட்டுக்கு உறவினர் வந்துகொண்டே இருந்தார்கள். நலம் விசாரிக்க என்று பேர், வந்தது ஓட்டையைப் பார்க்க. “கொஞ்சம் பஞ்சை எடுத்துக் காட்டேன்” என்று கேட்கக் கூச்சப்பட்டு, அவளுடைய கழுத்தோடு பேசிவிட்டுப் போனார்கள். கழுத்தை அறுக்க வேண்டாம் என்ற சித்தப்பா, “நான் அப்பவே சொன்னேன், துணிஞ்சு போட்டுடுங்கன்னு” என்றார். பேச ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்க வேண்டியிருந்ததால் அவள் குறைவாகப் பேசினாள். அது முன்பைவிடப் பயமாக இருந்தது. விரல் கழுத்தை நோக்கி எழும்பினாலே கூடம் அடங்கியது.

தம்பியும் வந்தான். ஆரஞ்சுப் பழங்கள் வாங்கி வந்திருந்தான். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, போர்டைப் பற்றி, பழைய இன்ஸ்ட்ரக்டரைப் பற்றி, தான் பட்ட கஷ்டங்களைப் பற்றி, நிர்வாகம் என்றால் சும்மாவா என்பதைப் பற்றி வியர்க்க வியர்க்கச் சொல்லிக்கொண்டே போனான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கணவர் பக்கத்தில் நின்றார். அந்தப் படுக்கையருகே நின்று கேட்ட ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அவள் சாகக் கிடந்தபோது இவன் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய் முகத்துக்குப் பவுடர் போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தபோது, அவருக்குக் காது மடல் சூடாயிற்று.

அவளுடைய விரல் மெல்ல எழும்பியது. அவர் முந்திக்கொண்டார்.

“மாப்ள, நான் சொல்றேன். அந்த போர்டை இன்னிக்கே இறக்கு. பழைய இன்ஸ்ட்ரக்டரை நீயே போய்க் கூட்டிட்டு வா. அப்புறம் ஸ்கூல் பக்கம் நீ வர வேண்டாம். இது என் முடிவு.”

ஒரு ‘லாம்’ இல்லை, ஒரு ‘கூடும்’ இல்லை. தம்பிக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. கணவர் மனைவியின் பக்கம் திரும்பினார். பாராட்டை எதிர்பார்த்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவள் விரலால் பஞ்சை அழுத்தினாள்.

“என் தம்பியைப் போகச் சொல்ல நீங்க யாரு?”

“நான்... உனக்காகத்தான்...”

“திட்டணும்னா நான் திட்டுவேன். அடிக்கணும்னா நான் அடிப்பேன். அவன் மூக்கு ஒழுகின காலத்துல இருந்து எனக்குத் தெரியும் அவனை. நீங்க எதுக்கு நடுவுல?” கரகரவென்று, அறுபட்ட தகரம் போல வந்தது குரல். தம்பி பக்கம் திரும்பினாள். “டேய், போர்டை இறக்குடா. நாளைல இருந்து பின்சீட்டுல உக்காந்து, பாத்துப் பாத்துக் கார் ஓட்டக் கத்துக்க. டிரைவிங் ஸ்கூல் நடத்துனானாம், கிளட்ச் எது பிரேக் எதுன்னு தெரியாது.”

தம்பி இதற்குள் அழ ஆரம்பித்திருந்தான், நிம்மதியில். ஒரு ஆரஞ்சை உரித்து அவளிடம் நீட்டினான்.

கணவருக்கு வந்தது கோபம். அவருக்கே அது புதிதாக இருந்ததால், எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திணறினார்.

“அப்ப நான் எடுத்த முடிவுக்கு என்ன மரியாதை?” என்று சத்தம் போட்டார். “கழுத்துல துளை போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யாரு? இவனா? இவன் குறுக்கே படுத்தான். அந்த டாக்டரைக் காப்பி மெஷின்கிட்ட மடக்கினது யாரு?”

“அதுக்கு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவீங்களா?”

“காட்டுவேன்! இன்னொண்ணு, அந்தப் பழுப்புத் திரைச்சீலையைக் கழட்டிட்டேன். பாத்தியா இல்லையா?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். நீலத்தில் புதிய திரைச்சீலை தொங்கியது. வந்ததிலிருந்து எத்தனையோ தடவை அந்தப் பக்கம் பார்த்தும் அவளுக்குக் கண்ணில் படவில்லை. முகம் ஒரு மாதிரியாக மாறியது. என்னவோ பேச ஆரம்பித்தாள், ஆனால் ஆத்திரத்தில் இரண்டு கையையும் நீட்டிப் பேசியதில் கழுத்திலிருந்து புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

“விரலை வை” என்றார் கணவர். “வெச்சுட்டுச் சண்டை போடு. எனக்கு ஒண்ணும் புரியல.”

அவள் விரலை வைத்தாள். “நீலமா? இந்தச் சுவருக்கு யாராவது நீலம் போடுவாங்களா?”

“நான் போடுவேன்.”

தம்பி, நீலம் மனசுக்குக் குளிர்ச்சி என்று எங்கேயோ படித்ததாகச் சொல்ல ஆரம்பித்தான். இருவரும் ஒரே குரலில் அவனை வாயை மூடச் சொன்னார்கள்.